குவாண்டம் தொழில்நுட்ப நிறுவனங்களின் மையமாக டெல்ஃப்ட் நகரம் உருவானது எப்படி?

கேள்வி கேட்டவர் மூன்று செய்திகளை அறிய விரும்புகிறார். நெதர்லாந்தில் ஆம்ஸ்டர்டாம், ராட்டர்டாம் போன்ற பெருநகரங்கள் இருக்க, ஒரு லட்சத்துச் சொச்சம் பேரே வாழும் டெல்ஃப்டில் ஏன் இத்தனை குவாண்டம் நிறுவனங்கள் குவிந்தன. இந்த நிலை நீடிக்குமா. அங்கே வேலை தேடிச் செல்லலாமா. மிகக் குறைந்த வெப்பநிலையில் இயங்கும் மைக்ரோவேவ் இணைப்புகளை அமைத்துச் சோதிக்கும் வேலையில் அந்த ஊரில் சில ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் இதற்கு விடை எழுதுகிறேன்.

என் விடையின் சாரம் இது: டெல்ஃப்டில் குவாண்டம் கணினியை முழுமையாகச் செய்து விற்கப் புறப்பட்ட நிறுவனங்களைவிட, அந்தக் கணினிக்கு வேண்டிய உறுப்புகளைச் செய்து விற்கப் புறப்பட்ட நிறுவனங்களே ஊரை ஒரு மையமாக்கின. ஆய்வுக்கூடத்தில் கடையில் கிடைக்காத ஒரு பொருளை யாரோ ஒருவர் தமக்காகச் செய்துகொண்டார். அதே பொருள் உலகின் மற்ற ஆய்வுக்கூடங்களுக்கும் தேவைப்பட்டது. அது ஒரு நிறுவனமாயிற்று. இந்தக் கதை அங்கே திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது.

இதன் வேர் டெல்ஃப்டில்கூட இல்லை. ரயிலில் சிறிது நேரத்தில் போய்ச் சேரக்கூடிய லைடன் நகரில் இருக்கிறது. அங்கேதான் 1908-ஆம் ஆண்டு ஜூலை 10 அன்று ஹைக்கே கமர்லிங் ஓனஸ் முதன்முதலாக ஹீலியத்தைத் திரவமாக்கினார்; 1911-இல் பாதரசத்தில், மின்தடை அறவே மறையும் மீக்கடத்துத்திறனையும் அவருடைய ஆய்வுக்கூடமே கண்டறிந்தது. இவற்றைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, இவற்றுக்கு முன்பே, 1901-இல், கருவி செய்யும் கைவினைஞர்களைப் பயிற்றுவிக்க அவர் ஒரு பள்ளியைத் தொடங்கியதுதான். கண்ணாடி ஊதவும், உலோகம் கடையவும், வெற்றிடம் கசியாமல் பற்றவைக்கவும் இளைஞர்கள் அங்கே கற்றார்கள். அந்தப் பள்ளி இன்றும் நடக்கிறது. இன்றைய மீக்கடத்திக் கியூபிட்டுகளைக் (கியூபிட் என்பது குவாண்டம் கணினியின் அடிப்படைத் தகவல் அலகு) குளிர வைக்கும் டைலூஷன் ரெஃப்ரிஜிரேட்டரும் 1960-களின் நடுவில் லைடனில்தான் முதலில் செய்து காட்டப்பட்டது. டெல்ஃப்டின் அறிவியல் மரபைச் சிலர் பதினேழாம் நூற்றாண்டில் அங்கே வாழ்ந்து நுண்ணோக்கி செய்த லீவன்ஹூக்கிலிருந்து தொடங்குவார்கள். அந்தத் தொடர்ச்சி வெறும் பெருமைப் பேச்சு என்றே நினைக்கிறேன். லைடனிலிருந்து வந்த குளிரூட்டும் கலையின் தொடர்ச்சியோ உண்மையானது, கண்ணால் பார்க்கக்கூடியது.

டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் அந்தக் கலையை எடுத்துக்கொண்டு மின்னணுவியலுக்குள் கொண்டுபோயிற்று. மிகக் குறுகிய பாதையில் செல்லும் எலக்ட்ரான்களின் கடத்துதிறன் சீரான படிகளாக உயர்வதை 1988-இல் அங்குள்ளவர்கள் ஐந்தோவனின் பிலிப்ஸ் ஆய்வகத்தாரோடு சேர்ந்து காட்டினார்கள். 1999-இல் ஹான்ஸ் மோயும் அமெரிக்க ஆய்வாளர்களும் மீக்கடத்தி வளையத்தில் சுழலும் மின்னோட்டத்தையே கியூபிட்டாகப் பயன்படுத்தலாம் என்று முன்மொழிந்தார்கள். அடுத்த தலைமுறையில் லியோ கோவன்ஹோவன், லீவன் வான்டர்சைப்பன், லியோனார்டோ டிகார்லோ, ரொனால்டு ஹான்சன் என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு வகைக் கியூபிட்டைக் கையில் எடுத்தார்கள். ஒரே வளாகத்தில் பல வகைகள் வளர்ந்ததால், எந்த வகை வென்றாலும் தேவைப்படும் பொதுவான கருவிகள் எவை என்பது அங்கே சீக்கிரமே தெரியவந்தது.

அந்தக் கருவிகள் ஏன் விற்பனைப் பொருளாயின என்பதைப் புரிந்துகொள்ள, குளிரூட்டியின் உள்ளே ஒரு முறை பார்க்க வேண்டும். வெளி உறைகளைக் கழற்றினால், தலைகீழாகத் தொங்கவிட்ட கோபுரம்போல, தங்க முலாம் பூசிய செப்புத் தட்டுகள் மேலிருந்து கீழாக அடுக்கடுக்காக இறங்கும். மேல் தட்டு சுமார் 50 கெல்வின் (சுழி கெல்வின் என்பது சுமார் −273 டிகிரி செல்சியஸ்), அடுத்தது 4 கெல்வின், பிறகு ஒரு கெல்வினை ஒட்டியது, அதன்பின் 100 மில்லிகெல்வின் (கெல்வினில் ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லிகெல்வின்), கடைசித் தட்டு 10 முதல் 20 மில்லிகெல்வின். அந்தக் கடைசித் தட்டில்தான் சில்லு இருக்கிறது. அறை வெப்பநிலையில் உள்ள கருவியிலிருந்து, கியூபிட்டை இயக்கும் மைக்ரோவேவ் துடிப்பு கேபிள் வழியாக இறங்கி வரும்போது, அதோடு சேர்ந்து வெப்ப இரைச்சலும் இறங்குகிறது. ஆகவே தட்டுக்குத் தட்டு, சமிக்ஞையின் வலுவைக் குறைக்கும் ஓர் அட்டென்யுவேட்டரை வைத்து அதை வெட்டிக்கொண்டே வர வேண்டும். கேபிளே வெப்பத்தைக் கீழே கடத்தும் என்பதால் செம்புக் கம்பியைப் போட முடியாது. துருப்பிடிக்காத எஃகு, செம்பு-நிக்கல் கலவை, கீழே நியோபியம்-டைட்டேனியம் என்று மாற்றிக்கொண்டே போக வேண்டும். 20 மில்லிகெல்வினில் குளிரூட்டி அகற்றக்கூடிய வெப்பம் பத்திருபது மைக்ரோவாட் அளவுதான்.

இந்தக் கேபிள்களை நான் கையால் பூட்டியிருக்கிறேன். ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு சிறு அறுகோண நட்டு உண்டு; குறித்த முறுக்கத்தில் 'டக்' என்று விட்டுக்கொடுக்கும் டார்க் ஸ்பேனரால் அதை இறுக்க வேண்டும். ஒரு வழித்தடத்தில் தட்டுக்கு இரண்டு மூன்று இணைப்புகள் வரும். ஒரு கியூபிட்டுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வழித்தடங்கள் தேவைப்படும். அறை வெப்பநிலையில் சரியாக இருந்த இணைப்பு குளிரில் சுருங்கித் தளர்ந்துவிட்டால், முழுவதையும் சூடாக்கித் திறந்து, சரிசெய்து, மூடி, வெற்றிடமாக்கி, மீண்டும் குளிர வைப்பதற்குள் ஒரு வாரத்தின் பெரும்பகுதி போய்விடும். ஐந்து கியூபிட் வரை பொறுமையுள்ள ஓர் ஆய்வு மாணவர் சமாளித்துவிடுவார். நூறு கியூபிட் என்று வரும்போது அது மனிதக் கைக்கு அடங்காத வேலை.

டெல்ஃப்ட் சர்க்யூட்ஸ் என்ற நிறுவனம் பிறந்தது இந்தச் சிக்கலிலிருந்துதான். தனித்தனி விறைப்பான கேபிள்களுக்குப் பதிலாக, பல தடங்களை ஒரே மெல்லிய வளையும் நாடாவில் அச்சிட்டு, அட்டென்யுவேட்டர்களையும் அந்த நாடாவிலேயே அமைத்துவிடுகிறார்கள்; பூட்ட வேண்டிய நட்டுகளின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்துவிடுகிறது. இதேபோல், கியூபிட்டுக்குத் துடிப்புகளை அனுப்பி விடையைப் படிக்கும் மின்னணுக் கருவிகள் ஒரு காலத்தில் அலமாரி அலமாரியாக நின்றன. அவை பொதுப் பயன்பாட்டுக்காகச் செய்யப்பட்டவை, ஒன்றோடொன்று நேரம் ஒத்துப்போக வைப்பதே பெரும்பாடு. அந்த வேலையை ஒரே அடுக்கில் செய்யும் கருவிகளை விற்க, டெல்ஃப்டின் குவாண்டம் ஆய்வு நிறுவனமான கியூடெக்கிலிருந்து 2018-இல் பிரிந்து வந்தது கியூப்ளாக்ஸ். குவாண்ட்வேர் 2021-இல் சொப்ரானோ என்ற 5 கியூபிட் மீக்கடத்திச் சில்லைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. சில்லு செய்யும் கிளீன் ரூம் (தூசு புகாத அறை) இல்லாத பல்கலைக்கழகமும் சில்லை விலைக்கு வாங்கிச் சொந்தக் கணினியைக் கட்டலாம் என்பதே அவர்களுடைய வணிகம். செய்த சில்லு சரியாக இருக்கிறதா என்று சோதித்துச் சொல்லும் வேலையை ஆரஞ்ச் குவாண்டம் சிஸ்டம்ஸ் எடுத்துக்கொண்டது. இவற்றுக்கெல்லாம் முன்பே, 2012-இல், ஒற்றை ஃபோட்டானையும் (ஒளித்துகளையும்) தவறவிடாமல் பதிவுசெய்யும் மீக்கடத்தி நுண்கம்பி உணரிகளோடு சிங்கிள் குவாண்டம் தொடங்கிவிட்டது.

இந்த நிறுவனங்களுக்கு ஒரு பொதுத்தன்மை உண்டு. பயனுள்ள குவாண்டம் கணினி எப்போது வருமென்று காத்திருக்க வேண்டிய கட்டாயம் அவற்றுக்கு இல்லை. உலகெங்கும் ஆய்வுக்கூடங்கள் இன்றைக்கே வாங்குகின்றன. போட்டியில் எந்தக் கணினி நிறுவனம் முந்தினாலும் அதுவும் வாடிக்கையாளராகக்கூடும். முதல் வாடிக்கையாளரோ நடந்து போகும் தூரத்தில் இருக்கிறார்: புதிதாகச் செய்த ஒரு மாதிரியை எடுத்துச் சென்று பக்கத்துக் கட்டடக் குளிரூட்டியில் பொருத்திப் பார்த்து, குறையைக் கேட்டு, திருத்திக்கொண்டு வர முடிகிறது. இந்த நெருக்கம் பெருநகரத்தில் எளிதில் வாய்க்காது என்பதால், ஊர் சிறியதாக இருந்தது இந்தத் தொழிலுக்கு நன்மையாகவே முடிந்தது என்பது என் கருத்து.

இப்படிப் பிரிந்து வருவதற்குத் தோதாக அமைந்தது கியூடெக் நிறுவனத்தின் அமைப்பு. 2014-இல் பல்கலைக்கழகமும், பயன்பாட்டு ஆராய்ச்சிக்கான அரசு சார்ந்த டிஎன்ஓ அமைப்பும் சேர்ந்து இதைத் தொடங்கின. பல்கலைக்கழகக் குழுவில் ஒரு மாணவர் முனைவர் பட்டம் பெற்றுக் கிளம்பியதும் அவர் எழுதிய மென்பொருளும் செய்த பலகையும் அனாதையாகிவிடுவது வழக்கம். டிஎன்ஓவின் பொறியாளர்கள் அங்கே நிலையாக இருந்து அவற்றை ஆவணப்படுத்தி, மறுபடி மறுபடி ஒரே மாதிரிச் செய்யத்தக்கதாக மாற்றினார்கள். 2015-இல் அரசும் பங்காளிகளும் பத்தாண்டுக்கு 13.5 கோடி யூரோ ஒதுக்கினார்கள். அதே ஆண்டு இன்டெல் 5 கோடி டாலர் தருவதாக அறிவித்தது. 2020-இல் குவாண்டம் இன்ஸ்பயர் என்ற பெயரில் இரண்டு சிறிய குவாண்டம் செயலிகள் இணையம் வழியாகப் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டன. இரண்டு கியூபிட்டும் ஐந்து கியூபிட்டும் கணக்குப் போடுவதற்குப் பெரிதாக உதவா. ஆனால் இரவும் பகலும் அந்நியர் பயன்படுத்தும் ஓர் இயந்திரத்தை நடத்திப் பார்த்ததில் கிடைத்த பொறியியல் அறிவு பெரிது.

குவாண்டம் கருவிகளை ஒன்றோடொன்று இணைக்கும் குவாண்டம் இணையத்துறையிலும் டெல்ஃப்டுக்குத் தனி இடம் உண்டு. 2015-இல் ஹான்சனின் குழு, வளாகத்தில் 1.3 கிலோமீட்டர் இடைவெளியில் வைத்த இரண்டு வைரங்களிலுள்ள எலக்ட்ரான்களைக் குவாண்டம் முறையில் பின்னிப்பிணைத்து, அத்தகைய பிணைப்பு உண்மைதானா என்று பார்க்கும் பெல் சோதனையில் ஐயத்துக்கு இடம் தந்த முக்கிய ஓட்டைகளை ஒருசேர அடைத்தது. 245 நிகழ்வுகளைச் சேர்க்கவே 200 மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. 2024-இல் அதே வகைக் கியூபிட்டுகளை டெல்ஃப்டுக்கும் டென் ஹாகுக்கும் (தி ஹேக் நகரம்) இடையே, தரைக்கடியில் ஏற்கெனவே பதிக்கப்பட்டிருந்த 25 கிலோமீட்டர் ஒளியிழையின் வழியாக இணைத்துக் காட்டினார்கள். வைரம் உமிழும் சிவப்பு ஒளி ஒளியிழையில் சீக்கிரம் மங்கிவிடும் என்பதால், ஃபோட்டானின் குவாண்டம் நிலையைக் கெடுக்காமலேயே அதன் அலைநீளத்தைத் தொலைத்தொடர்பு அலைநீளத்துக்கு மாற்ற வேண்டியிருந்தது. ஆய்வுக்கூட மேசையில் நடப்பதும் ஊருக்கடியில் செல்லும் கேபிளில் நடப்பதும் ஒன்றல்ல. வெயிலுக்கும் குளிருக்கும் கேபிள் நீண்டு சுருங்குவதைக்கூட ஈடுகட்ட வேண்டும். குவாண்டம் முறையில் மறைகுறிச் சாவிகளைப் பகிரும் கியூபேர்ட் நிறுவனமும் இந்தச் சூழலிலிருந்தே வந்தது. ராட்டர்டாம் துறைமுகத்தில் தன் கருவிகளைச் சோதித்தது.

எல்லாம் வெற்றிக்கதை என்று எண்ண வேண்டாம். நிலையான கியூபிட்டுகளுக்கு உதவும் என்று கருதப்பட்ட மயோரானா துகள்களின் அடையாளம் தெரிந்ததாகக் கோவன்ஹோவன் குழு 2012-இல் அறிவித்தபின் மைக்ரோசாஃப்ட் அந்த வழியில் பெரும் முதலீடு செய்து டெல்ஃப்ட் வளாகத்திலேயே ஓர் ஆய்வகத்தை அமைத்தது. 2018-இல் நேச்சர் இதழில் வந்த முக்கியக் கட்டுரையை 2021-இல் ஆசிரியர்களே திரும்பப் பெற்றார்கள். ஆய்வு நேர்மை பற்றிய அந்த விவாதம் ஊரையே உலுக்கியது, உலுக்கியிருக்கவும் வேண்டும். ஆனாலும் மையம் குலையவில்லை. ஊரின் வாழ்வு ஒரே பெருநிறுவனத்தின் கையில், ஒரே வகைக் கியூபிட்டின் மேல் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அப்போது பலர் நினைத்துப் பார்த்திருப்பார்கள். கேபிளும் சில்லும் உணரியும் செய்தவர்களுக்கு அந்தக் கட்டுரையால் ஒரு ஆர்டர்கூடக் குறைந்திருக்கக் காரணமில்லை.

நீடிக்குமா என்பதற்கு நேரான விடை சொல்வது கடினம். 2021-இல் தேசிய வளர்ச்சி நிதியிலிருந்து குவாண்டம் டெல்டா என்ற நாடு தழுவிய திட்டத்துக்கு 61.5 கோடி யூரோ வரை ஒதுக்கப்பட்டது. டெல்ஃப்ட், லைடன், ஆம்ஸ்டர்டாம், ட்வென்டே, ஐந்தோவன் ஆகிய ஐந்தும் அதன் மையங்கள். அது ஏழாண்டுத் திட்டம். அதன் பிறகும் அரசு இதே தாராளத்தோடு கொடுக்கும் என்று நம்பித் தொழில் நடத்த முடியாது. உறுப்பு விற்கும் தொழிலுக்கு இன்னொரு பலவீனமும் இருக்கிறது: வாங்குவோரில் பெரும்பாலோர் தாங்களே அரசு மானியத்தில் வாழும் ஆய்வுக்கூடங்கள். பெரிய அமெரிக்க நிறுவனங்கள் கேபிளிலிருந்து சில்லு வரை எல்லாவற்றையும் தாங்களே செய்துகொள்ளத் தலைப்பட்டால் திறந்த சந்தை சுருங்கும். அதற்கு எதிராக டெல்ஃப்ட் நிறுவனங்கள், ஒவ்வொருவர் உறுப்பும் மற்றவர் உறுப்போடு பொருந்தும்படி வடிவமைத்து, கூட்டாக முழுக் கணினிகளைக் கட்டி வருகின்றன. எனக்கு இது சரியான வழியாகத் தோன்றுகிறது. ஒரு நிறுவனம் விழுந்தாலும் அதன் இடத்தில் வேறொன்றைப் பொருத்திக்கொள்ளலாம்.

வேலை தேடுவோருக்கு. குவாண்டம் இயற்பியலில் முனைவர் பட்டம் இல்லையே என்று தயங்குவோர் பலர். ஆய்வுக்கூடங்களுக்கு அது தேவைதான். நிறுவனங்களுக்கோ மைக்ரோவேவ் பொறியாளர், எஃப்பிஜிஏ (உள்சுற்றை நிரலால் மாற்றியமைக்கத்தக்க சில்லு) நிரல் எழுதுவோர், அச்சுப்பலகை வடிவமைப்போர், கிளீன் ரூமில் படலம் படியவைக்கத் தெரிந்தவர், வெற்றிடத் தொழில்நுட்பர், சோதனைத் தானியங்கு மென்பொருள் எழுதுவோர் ஆகியோர் எந்நேரமும் வேண்டியிருக்கிறார்கள். அலுவலக மொழி பெரும்பாலும் ஆங்கிலமே. டச்சு தெரியாமல் வேலை செய்யலாம். சம்பளத்தைவிட வீடு கிடைப்பதே பெரிய சிக்கல்: மாணவர் ஊர் என்பதால் வாடகை அறைக்குக் கடும் போட்டி, டென் ஹாகிலோ ராட்டர்டாமிலோ குடியிருந்து ரயிலில் வந்துபோவோர் பலர். விண்ணப்பிக்கும்போது, கையால் செய்து இயங்க வைத்த ஏதேனும் ஒரு கருவியைப் பற்றி, அது எங்கே பழுதானது, எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்பதோடு சேர்த்து எழுதுங்கள். நான் உட்கார்ந்திருந்த நேர்காணல்களில் நெடுநேரம் பேசப்பட்டது அதுதான்.