ஸ்பேர் ரவுட்டரில் மட்டும் நெட் ஏன் ஆமை வேகம்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

மெயின் லைன் போனால் கைகொடுக்கட்டும் என்று வைத்திருக்கும் இரண்டாவது ரவுட்டர், தேவைப்படும் நேரத்தில் திணறுகிறது. இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை இதைப் பற்றித்தான். எல்லோருக்கும் பொதுவாக ஒரு வேண்டுகோள்: எதையும் மாற்றுவதற்கு முன் லேப்டாப்பை லேன் கேபிளில் செருகி ஒரு ஸ்பீடு டெஸ்ட் பாருங்கள். கேபிளில் வேகம் வந்து வைஃபையில் வரவில்லை என்றால் கோளாறு வீட்டுக்குள் இருக்கிறது. கேபிளிலேயே வரவில்லை என்றால் லைனிலோ, சிம்மிலோ, ரவுட்டரின் போர்ட்டிலோ தேடுங்கள். இதைப் பார்க்காமல் புது ரவுட்டர் வாங்கியவர்களின் கடிதங்கள் நிறைய வருகின்றன. வருத்தமாக இருக்கிறது.

ஃபைபர் லைன், 200 எம்பிபிஎஸ் பிளான். மெயின் ரவுட்டர் பழுதானதால் பழைய ரவுட்டரை மாட்டினேன். கேபிளில் பார்த்தாலும் 94-ஐத் தாண்ட மறுக்கிறது. லைன்மேன் லைன் சரியாக இருக்கிறது என்கிறார். யாரை நம்புவது? (திருச்சி)

லைன்மேனை நம்புங்கள். 94, 95 என்று வந்து நின்றாலே 100 எம்பிபிஎஸ் போர்ட்டில் மாட்டியிருக்கிறது என்று அர்த்தம். மீதி வேகம் டேட்டாவைப் பொட்டலம் கட்டி அனுப்பும் செலவுக்குப் போய்விடும். ரவுட்டரின் அட்டைப்பெட்டியைப் பாருங்கள். போர்ட் 10/100 என்று போட்டிருந்தால் அதன் எல்லை அவ்வளவுதான். 10/100/1000 என்றிருந்தும் 94 என்றால் கேபிளைச் சந்தேகியுங்கள். கிகாபிட், அதாவது 1000 எம்பிபிஎஸ் ஓடுவதற்கு உள்ளே இருக்கும் எட்டு ஒயரும் வேண்டும். கேபிள் முனையில் கனெக்டரை அழுத்திப் பொருத்தும்போது (கிரிம்ப்) ஒன்று சரியாகப் பிடிக்காமல் போனாலும், நாலு ஒயரை வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். கேட் 5இ கேபிள் ஒன்றை மாற்றிப் பாருங்கள்.

பழைய ரவுட்டரின் எல்லையே 100 என்றால் அவசரப்பட்டுப் புதிது வாங்க வேண்டாம். 4கே படத்துக்கு நெட்ஃபிளிக்ஸ் கேட்பதே 15 எம்பிபிஎஸ்தான். மெயின் ரவுட்டர் சர்வீஸ் ஆகி வரும்வரை தாராளமாக ஓட்டலாம்.

கேபிளில் 90 வருகிறது, அதே ரவுட்டரின் வைஃபையில் 20-தான். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாலும் அதேதான். (கோவை)

பக்கத்தில் இருந்தும் 20 என்றால் முதலில் செக்யூரிட்டி செட்டிங்கைப் பாருங்கள். பழைய ரவுட்டர்களில் டபிள்யூஇபி அல்லது டிகேஐபி என்ற பழைய பாதுகாப்பு முறையிலேயே விட்டிருப்பார்கள். அந்த நிலையில் வைஃபை 54 எம்பிபிஎஸ் லிங்க்குக்கு மேல் ஏறாது, கையில் கிடைப்பது 20 சொச்சம். டபிள்யூபிஏ2, ஏஇஎஸ் என்று மாற்றுங்கள். பாதுகாப்புக்கும் அதுதான் நல்லது.

அதற்கும் மசியவில்லை என்றால் சேனல், அதாவது வைஃபை ஓடும் அலைத் தடம். அபார்ட்மென்ட்டில் எல்லார் வீட்டு ரவுட்டரும் 2.4 கிகாஹெர்ட்ஸில் முட்டிக்கொள்ளும். 1, 6, 11 ஆகிய மூன்றில் கூட்டம் குறைந்ததைத் தேர்ந்தெடுத்து, சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸிலேயே வையுங்கள். 5 கிகாஹெர்ட்ஸ் இருக்கும் ரவுட்டர் என்றால் அதற்கு மாறிவிடுங்கள்.

கரண்ட் கட்டானால் ஃபைபர் போய்விடும் என்பதால் 4ஜி சிம் ரவுட்டர் வாங்கி இன்வெர்ட்டரில் போட்டிருக்கிறேன். காலையில் டெஸ்ட் செய்தால் 30 வருகிறது. சாயங்காலம் கரண்ட் போகும்போது 3-கூட வருவதில்லை. டவர் முழுசாகக் காட்டுகிறதே? (மதுரை)

உங்கள் தெருவில் கரண்ட் போனதும் எல்லோரும் மொபைல் டேட்டாவுக்கு வந்துவிடுகிறார்கள். ஒரே டவரின் கொள்ளளவை அத்தனை பேரும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். அதை நம்மால் மாற்ற முடியாது; ஆனால் நம் பங்கைக் கூட்டிக்கொள்ள வழி இருக்கிறது.

டவர் கோடுகளை மறந்துவிட்டு, ரவுட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தைத் திறங்கள். ஆர்எஸ்ஆர்பி, எஸ்ஐஎன்ஆர் என்று இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது சிக்னலின் பலம்: மைனஸ் 85 நல்லது, மைனஸ் 110 மோசம். இரண்டாவது சிக்னலின் சுத்தம்: 20-க்கு மேல் அருமை, பூஜ்யத்தை நெருங்கினால் சிரமம். கோடுகள் முழுசாக இருந்தும் நெட் நகராத வீடுகளில் அடிவாங்குவது இந்த இரண்டாவது எண். ரவுட்டரை டிவி ஸ்டாண்டுக்குப் பின்னாலிருந்து எடுத்து ஒவ்வொரு ஜன்னலிலும் வையுங்கள், ஒரு நிமிடம் பொறுத்து எண்ணைக் குறியுங்கள். இரண்டடி நகர்த்தினாலே எஸ்ஐஎன்ஆர் மாறுவதைப் பார்ப்பீர்கள். இரும்பு பீரோ, தண்ணீர்த் தொட்டி, கான்கிரீட் சுவர் இவற்றின் மறைவில் மட்டும் வைக்காதீர்கள்.

அடுத்தது பேண்ட், அதாவது ரவுட்டர் டவரோடு பேசும் அலைவரிசை. 850, 900 மெகாஹெர்ட்ஸ் அலைகள் சுவரைத் தாண்டி உள்ளே வரும், ஆனால் அவற்றில் இடம் குறைவு. 1800, 2300-இல் இடம் அதிகம், ஆனால் சுவரில் அடிபடும். வீட்டுக்குள் இருக்கும் ரவுட்டர் பலமாகத் தெரிகிற குறைந்த பேண்டையே பிடித்துக்கொண்டு நெரிசலில் மாட்டிக்கொள்வதுண்டு. செட்டிங்கில் பேண்ட் தேர்வு இருந்தால், ஜன்னலோரம் வைத்து பேண்ட் 3 (1800) அல்லது பேண்ட் 40-ஐ (2300) மட்டும் கொடுத்துப் பாருங்கள். இந்தச் சோதனையைச் சாயங்காலம் நெரிசல் நேரத்திலேயே செய்யுங்கள், காலையில் கிடைக்கும் எண் உங்களுக்கு உதவாது.

இன்னொன்று, சிம்மில் தினசரி டேட்டா தீர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். தீர்ந்தால் பல பிளான்களில் 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடும், அதில் வாட்ஸ்அப் மெசேஜ் போவதே பெரிய விஷயம். லைன் மாறியது போனுக்கும் டிவிக்கும் தெரியாது. வைஃபை பெயர் அதேதான் என்பதால் ஆப் அப்டேட், போட்டோ பேக்கப் எல்லாம் வழக்கம்போல நடந்து உங்கள் டேட்டாவைத் தின்றுவிடும். பேக்கப் ரவுட்டரின் வைஃபைக்குத் தனிப் பெயர் வைத்து, போனிலும் லேப்டாப்பிலும் அதை மீட்டர்டு கனெக்ஷன் (அளவாகச் செலவழிக்க வேண்டிய லைன்) என்று குறித்துவிடுங்கள்.

ரவுட்டரின் யுஎஸ்பியில் டாங்கிள் செருகியதும் வைஃபை வேகம் குறைகிறதே? (சேலம்)

யுஎஸ்பி 3 போர்ட் என்றால் குறையும். அந்த போர்ட் எழுப்பும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸைக் கெடுப்பதை இன்டெல் 2012-இலேயே விளக்கமாக எழுதியிருக்கிறது. ஒரு மீட்டர் எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டு டாங்கிளைத் தள்ளி வையுங்கள், அல்லது 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையைப் பயன்படுத்துங்கள்.

மினி யுபிஎஸ்ஸில் ஓடும்போது மட்டும் ரவுட்டர் ரீஸ்டார்ட் ஆகிறது. (காஞ்சிபுரம்)

ரவுட்டரின் அடியில் 12 வோல்ட், 2 ஆம்பியர் என்று இருக்கலாம். யுபிஎஸ் 1 ஆம்பியர் மட்டும் தரலாம். வைஃபை வேலை கூடும்போது கரண்ட் பற்றாமல் விழுந்துவிடும். வோல்ட் சரியாகப் பொருந்த வேண்டும், ஆம்பியர் ரவுட்டர் கேட்பதற்குக் குறையக் கூடாது.

பேக்கப்பில் 25 எம்பிபிஎஸ் வருகிறது. இருந்தும் ஆபீஸ் மீட்டிங்கில் என் குரல் வெட்டி வெட்டிக் கேட்கிறது என்கிறார்கள். (தாம்பரம்)

உங்கள் குரல் போவது அப்லோடில். வீட்டில் யாராவது போட்டோ பேக்கப் போட்டாலோ, கேமரா கிளவுடுக்கு வீடியோ அனுப்பினாலோ, உங்கள் குரல் அந்த வரிசையின் பின்னால் நிற்கும். சோதிப்பது எளிது: லேப்டாப்பில் 8.8.8.8 என்ற கூகுள் முகவரிக்கு பிங் (போய்த் திரும்ப ஆகும் நேரத்தை அளக்கும் கட்டளை) ஓடவிட்டு, போனிலிருந்து ஒரு பெரிய வீடியோவை அப்லோடு செய்யுங்கள். 50 மில்லிசெகண்டில் இருந்த பிங் ஐந்நூறு, அறுநூறு என்று எகிறினால் பிரச்சினை அதுதான். ரவுட்டரின் கியூஓஎஸ் பகுதியில் (எதற்கு எவ்வளவு வேகம் என்று பங்கிடும் செட்டிங்) அப்லோடு எல்லையை, நெரிசல் நேரத்தில் நீங்கள் அளந்த அப்லோடு வேகத்துக்குச் சற்றுக் கீழே வையுங்கள். கியூஓஎஸ் இல்லாத ரவுட்டர் என்றால், மீட்டிங் முடியும்வரை கேமராவையும் போட்டோ பேக்கப்பையும் நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள்.