லாங் ஹன்டர்களின் துப்பாக்கியும் தோல் மூட்டையும்: கேள்வி-பதில்

கேள்வி: நீளமான துப்பாக்கி வைத்திருந்ததால்தான் 'லாங் ஹன்டர்' என்ற பெயரா?

இல்லை, நெடுநாள் வீடு திரும்பாததால் வந்த பெயர். 1760களில் அமெரிக்காவின் வர்ஜீனியா, வட கரோலினா எல்லையோரக் குடியானவர்கள் அறுவடை முடிந்ததும் அப்பலாச்சிய மலையைத் தாண்டி கென்டக்கி, டென்னஸி காடுகளுக்கு மான் வேட்டைக்குப் போவார்கள். அவர்களில் பெயர்பெற்ற டேனியல் பூன் 1769 மே மாதம் கிளம்பியவர், 1771இல்தான் வீடு சேர்ந்தார்.

கேள்வி: படைவீரனின் மஸ்கெட், அதாவது குழலின் உள்ளே வரியில்லாத வழவழப்பான துப்பாக்கி, நிமிடத்துக்கு மூன்று முறை சுடும். ரைஃபிள் ஒரு முறைதான். பிறகு ஏன் அதையே விரும்பினார்கள்?

படைவீரனுக்கு எதிரே ஒரு வரிசை ஆட்கள் நிற்பார்கள். வேட்டைக்காரனுக்கு ஒரே ஒரு மான், அதுவும் ஓடத் தயாராக. பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் பக்கம் ஜெர்மானிய, சுவிஸ் கொல்லர்கள் செய்த ரைஃபிளில் குழலே ஒரு மீட்டருக்கு மேல் இருக்கும். குழலின் உட்சுவரில் திருகுபோல வரிகள் ஓடும். முதலில் வெடிமருந்தை அளந்து கொட்ட வேண்டும். குழல் வாயில் கொழுப்புத் தடவிய துணித்துண்டோ மெல்லிய மான் தோலோ விரித்து, அதன்மேல் குண்டை வைத்து, ஹிக்கரி மரக் கோலால் அடிவரை தள்ள வேண்டும். அந்தத் துண்டு வரிகளைக் கவ்விக்கொள்வதால் குண்டு சுழன்றபடி வெளியேறும். நேரம் பிடிக்கிற வேலைதான். ஆனால் மஸ்கெட் எழுபது மீட்டரில் தடுமாற, இது நல்ல கையில் அதைப்போல் இரண்டு மடங்கு தூரத்திலும் குறி தப்பாது.

என்னைக் கேட்டால், ஈயக் கணக்கும் அதே அளவு முக்கியம். மஸ்கெட் குண்டு ஏறக்குறைய 32 கிராம். ஒரு கிலோ ஈயத்தில் முப்பது சொச்சம்தான் வார்க்கலாம். அரை அங்குல ரைஃபிள் குண்டு என்றால் எண்பதுக்கு மேல். பக்கத்தில் கடையே இல்லாத காட்டில் இது சின்ன விஷயமா? விழுந்த மானின் உடலிலிருந்து குண்டைத் தோண்டியெடுத்து, உருக்கி, அச்சில் திரும்ப வார்த்தவர்களும் உண்டு.

கேள்வி: வெடிமருந்தை ஏன் மாட்டுக் கொம்பில் வைத்தார்கள்?

கொம்பு நனைந்தாலும் ஊறாது, தீப்பொறி தராது, எடையும் குறைவு. மெல்லிசாகச் சுரண்டிவிட்டால், வெளிச்சத்தில் பிடித்து எவ்வளவு மருந்து மிச்சம் என்று பார்க்கலாம். சரி, அந்த மருந்து எதனால் ஆனது? முக்கால் பங்கு வெடியுப்பு. அக்காலத்து பிரிட்டிஷ் மருந்தாலைகளுக்கு அது பெரும்பாலும் பீகாரிலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களில் போனது.

கேள்வி: பூன் ராக்கூன் என்ற சிறு விலங்கின் தோல் தொப்பி போட்டிருந்தார் என்கிறார்களே?

பூன் அணிந்தது சாதாரண ஃபெல்ட் தொப்பி.

கேள்வி: பூன் சேர்த்த மான் தோல்களைப் பறித்த ஷானி பழங்குடி மக்கள் கொள்ளைக்காரர்கள்தானே?

அப்படிச் சொல்வது அநியாயம். அது அவர்களுடைய வேட்டைக்காடு. 1768இல் அந்த நிலத்தை ஆங்கிலேயருக்கு எழுதிக்கொடுத்தது இரோக்வாய் என்ற வேறு பழங்குடிகளின் கூட்டமைப்பு, ஷானிகள் அல்ல. ஷானிகளுக்கு மான் என்பது குளிர்கால உணவு, உடை எல்லாமே. வந்தவர்களோ பல சமயம் தோலை மட்டும் உரித்துக்கொண்டு இறைச்சியைக் காட்டிலேயே போட்டுவிட்டார்கள். 1769 டிசம்பரில் பூன், அவருடைய கூட்டாளி இருவரையும் பிடித்த ஷானி தலைவர் கேப்டன் வில், தோல்களையும் குதிரைகளையும் எடுத்துக்கொண்டார். அப்புறம், ஊர் போய்ச் சேரட்டும் என்று, காலுக்கு மொக்காசின் என்ற மென்தோல் காலணி, குண்டுக்குத் துண்டு வெட்டிக்கொள்ள மான் தோல், ஒரு சிறு துப்பாக்கி, சில வேட்டுக்கான மருந்து, குண்டு எல்லாம் கொடுத்து அனுப்பினார்.