எஞ்சினால் ஓடும் வின்ச்சை ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் பொருத்த முடியுமா?

வண்டி சேற்றில் புதைந்தால் கம்பிவடத்தைச் சுற்றி இழுக்கும் உருளைதான் வின்ச். இன்று பெரும்பாலும் பேட்டரியில் ஓடுவதைத்தான் பார்க்கிறோம். எஞ்சினால் ஓடும் மெக்கானிக்கல் வின்ச்சுக்குத் தனி மோட்டார் கிடையாது. கியர்பாக்ஸிலோ டிரான்ஸ்ஃபர் கேஸிலோ (முன், பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துத் தரும் பெட்டி) பி.டி.ஓ. எனப்படும், எஞ்சின் சக்தியை வெளியே எடுக்கும் இணைப்பைப் பொருத்தி, ஒரு ஷாஃப்ட் வழியாக எஞ்சினின் சுழற்சியை முன் பம்பர் வரை கொண்டுபோகிறார்கள். டிராக்டரின் பின்தண்டில் கதிரடிக்கும் இயந்திரத்தை மாட்டி ஓட்டுகிறோமே, அதே சங்கதி.

லாபம் என்ன? பாரம் ஏறினால் மின் வின்ச் 400 ஆம்பியர்கூட இழுக்கும். மோட்டார் சூடேறும், பேட்டரி தீரும். மெக்கானிக்கல் வின்ச்சோ எஞ்சின் ஓடும்வரை சளைக்காது. கியரை மாற்றி வேகத்தையும் மாற்றலாம். ஆனால் எஞ்சின் தண்ணீரில் நின்றுவிட்டால் வின்ச்சும் அவ்வளவுதான்.

பழைய லேண்ட் ரோவர், லேண்ட் குரூசர்களில் பி.டி.ஓ.வுக்கான இடம் உண்டு. புது வண்டிகள் பலவற்றில் இல்லை. எனவே வின்ச் வாங்குமுன் அதைப் பாருங்கள். இல்லையென்றால் மின் வின்ச்சே போதும் என்பேன்.

அப்புறம், ஷாஃப்ட்டில் உள்ள ஷியர் பின் அடிக்கடி உடைவதைத் தரக்குறைவு என்று நினைத்துக் கடினமான போல்ட்டைப் போடுகிறார்கள். பாரம் மிஞ்சும்போது உடையத்தான் அது இருக்கிறது; அது உடையாவிட்டால் கம்பிவடமோ கியரோ போகும்.