சங்கத்துப் பணத்தில் கட்டடம் கட்டலாமா?

கேள்வி: எங்கள் ஊரில் 35 லேத் பட்டறைகள் இருக்கின்றன. ஐ.டி.ஐ. முடித்த பையன்கள் இரண்டு வருடம் வேலை பழகிவிட்டு கோவைக்கும் ஓசூருக்கும் போய்விடுகிறார்கள். பட்டறை உரிமையாளர் சங்கத்தில் சேர்ந்த பணத்தில் கட்டடம் கட்டி, வெளியூர் கம்பெனி ஒன்றை அழைத்து வரலாம் என்கிறார்கள் சிலர். செய்யலாமா?

பதில்: வேண்டாம். அந்தப் பணத்தை வேலை தெரிந்த ஆட்களுக்குச் செலவிடுங்கள்.

உங்கள் பையன்கள் போகிற கோவையையே பாருங்கள். 1888-ல் அங்கே பஞ்சாலை வந்தது. 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்தபின் ஆலைகள் பெருகின. ஆலைக்கு உதிரிபாகம் செய்து பழகிய கைகள்தான் பிறகு கிணற்றுக்குப் பம்பும், வீட்டுக்கு கிரைண்டரும் செய்தன. 1937-ல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் மின்மோட்டாரையே உள்ளூரில் செய்துவிட்டார்கள். 1951-ல் பி.எஸ்.ஜி. பொறியியல் கல்லூரி தொடங்கியபோது, 1926 முதல் இயங்கிவந்த பி.எஸ்.ஜி. தொழிலகம் பக்கத்திலேயே இருந்தது. படிப்பும் பட்டறையும் ஒரே இடத்தில்.

வார்ப்பாலையில் மரத்தில் பேட்டர்ன் (வார்ப்பு அச்சுக்கான மாதிரி) செய்யும் ஆசாரியைக் கவனித்திருக்கிறீர்களா? வார்ப்பிரும்பு ஆறும்போது மீட்டருக்கு ஏறத்தாழ 10 மி.மீ. சுருங்கும். பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் 300 மி.மீ. இம்பெல்லருக்கு அவர் 303 வைப்பார். கடைசல் பிடிக்கும் இடங்களுக்குத் தனியாகக் கூட்டுவார். இறக்கையின் வளைவு பிசகினால் அதே கரண்டுக்குத் தண்ணீர் குறையும். ஒரு ஊருக்கு ஆர்டர் வருவது இப்படிப்பட்டவர்களை நம்பித்தான்.

அதனால் ஓய்வுபெற்ற பேட்டர்ன்காரர் ஒருவரையும், கம்ப்யூட்டரில் டிசைன் போடத் தெரிந்த ஒருவரையும் இரண்டு வருடத்துக்குச் சங்கமே சம்பளம் கொடுத்து வையுங்கள். 35 பட்டறைக்கும் அவர்கள் பொது. பழகுநர் திட்டத்தில் பையன்களைச் சேர்த்தால் உதவித்தொகையில் ஒரு பங்கை அரசு ஏற்கும். பரிசோதனை வசதியும் பொதுவாக இருக்கலாம். கோவை பம்ப் உற்பத்தியாளர்கள் அப்படித்தான் சங்கத்தின் மூலம் ‘சிடார்க்’ ஆய்வுக்கூடத்தை உருவாக்கினார்கள்.

பையன்கள் போவதற்குச் சம்பளம் மட்டும் காரணமில்லை. இரண்டு வருடமாக ஒரே புஷ்ஷை (உருளை வடிவச் சிறு பாகம்) கடைந்துகொண்டிருப்பவனுக்கு இங்கே அடுத்த படி எது? சொந்தமாக லேத் போட நினைப்பவனுக்கு முதல் ஜாப் ஒர்க்கை நீங்களே கொடுங்கள். தொழிலைக் கற்றுப் போட்டிக்கு வந்துவிடுவானே என்று உறுப்பினர்கள் பயப்படுவார்கள். வரட்டும். எதிர்த்தெருவில் அவன் இருந்தால் அவசர ஆர்டருக்கு அவன் மெஷினும் கைகொடுக்கும்.

அடுத்த கூட்டத்துக்கு முன், செய்ய முடியாமல் திருப்பி அனுப்பிய வேலைகளை 35 பேரையும் எழுதித் தரச் சொல்லுங்கள். யாரை முதலில் வேலைக்கு வைப்பது என்று அந்தப் பட்டியலே காட்டிவிடும்.