தொட்டியோடு வீடு மாறும்போது

கேள்வி: மே மாதம் கும்பகோணத்திலிருந்து நாகப்பட்டினத்துக்குக் குடிபோகிறோம். மூன்றடி மீன் தொட்டி. இரண்டு ஏஞ்சல், எட்டு மோலி, முக்கால் அடி நீளத்தில், கண்ணாடியில் வாயால் ஒட்டிக்கொள்ளும் ஒரு சக்கர் மீன். பாதித் தண்ணீரோடு தொட்டியை அப்படியே குட்டியானையில் ஏற்றிவிடலாமா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: வேண்டவே வேண்டாம். மூன்றடி நீளம், ஓரடி அகலம், ஒன்றரை அடி உயரமுள்ள தொட்டியில் பாதித் தண்ணீரே 60 கிலோவைத் தாண்டும். அடியில் கிடக்கும் கல் வேறு. தூக்கும்போது அடிக் கண்ணாடி வளையும், வண்டி குலுங்கினால் தண்ணீர் பக்கத்துக் கண்ணாடியில் மோதும். சிலிக்கான் ஒட்டு அப்போதுதான் விடும். கல்லையும் அள்ளிவிட்டு வெறும் தொட்டியாக ஏற்றுங்கள். அடியில் பிளைவுட் பலகை, அதன்மேல் தெர்மாகோல்.

வழியில் சாகும் மீனைவிட, போய்ச் சேர்ந்த மூன்றாம் நான்காம் நாள் சாகும் மீனே அதிகம். காரணம் ஃபில்டர். மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா, தண்ணீரில் அவ்வளவாக இருக்காது. ஸ்பாஞ்சிலும் கல்லிலும்தான் ஒட்டியிருக்கும். குழாயடியில் பளிச்சென்று கழுவினால் குளோரின் அதைக் கொன்றுவிடும். காய்ந்தாலும் சாகும், மூடிய டப்பாவில் காற்றில்லாமல் நெடுநேரம் கிடந்தாலும் பாதிக்கப்படும். ஸ்பாஞ்சைப் பழைய தொட்டித் தண்ணீரிலேயே லேசாகப் பிழிந்து, அது முங்குமளவு அதே தண்ணீர் விட்ட வாளியில் போட்டு, பேட்டரி ஏர் பம்பை ஓடவிட்டபடி கொண்டுபோங்கள். கல்லையும் அதே தண்ணீரில் அலசி, ஈரம் காயாமல், மூடாத வாளியில் வையுங்கள்.

கிளம்புவதற்கு 24 மணி நேரம் முன்பே தீனியை நிறுத்துங்கள். வயிறு காலியாக இருந்தால் பையில் கழிவு குறையும். விடியற்காலையிலேயே புறப்பட்டுவிடுங்கள், தண்ணீர் சூடாக ஆக அதில் கரையும் ஆக்சிஜன் குறையும், மே மாத வெயிலில் நின்ற வண்டிக்குள் பை கொதித்துவிடும். முதலில் மேலாகத் தெளிந்த தண்ணீரை 20 லிட்டர் கேன்கள் மூன்றில் பிடித்துக்கொள்ளுங்கள். தொட்டியில் கால்வாசி தண்ணீர் இருக்கும்போது மீனைப் பிடிப்பது சுலபம். பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி காற்று. பைக்குள் பை போட்டு, அடி மூலைகளை ரப்பர் பேண்டால் கட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் குட்டி மோலிகள் மூலையில் நசுங்கும். சக்கர் மீனைப் பையில் போடாதீர்கள். அதன் பக்கத் துடுப்பின் முள் பையைக் கிழித்துவிடும், வலையிலும் சிக்கிக்கொள்ளும். டப்பாவால் முகந்து மூடி போட்ட வாளியில் விடுங்கள், மூடியில் நாலைந்து துளை போதும். பைகள் தெர்மாகோல் பெட்டியில் இருக்கட்டும்.

உங்கள் விஷயத்தில் பெரிய சிக்கல் தண்ணீர்தான். நாகையில் பல இடங்களில் போர் தண்ணீர் உப்பு. மோலி உப்பைத் தாங்கும், ஏஞ்சல் தாங்காது. மீன் போகுமுன்பே, தண்ணீரில் கரைந்துள்ள உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரால் இரண்டு ஊர்த் தண்ணீரையும் அளந்துவிடுங்கள். கும்பகோணத்தில் 400, நாகையில் 1500, கடையில் வாங்கும் குடிநீர் கேன் தண்ணீர் 50 என்று வைத்துக்கொண்டால், ஒரு குடம் போர் தண்ணீருக்கு மூன்று குடம் கேன் தண்ணீர் கலந்தால் 400-ஐ ஒட்டி வரும். போர் தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு. ஒரு நாள் ஏர் பம்ப் ஓடட்டும். நகராட்சிக் குழாய்த் தண்ணீர் என்றால் 100 லிட்டருக்கு 1 முதல் 1.5 கிராம் சோடியம் தயோசல்ஃபேட் கரைத்தால் குளோரின் போய்விடும். வாய்க்கால் தண்ணீர் பார்க்கத் தெளிவாக இருந்தாலும் வேண்டாம். வயலுக்கு அடித்த பூச்சிமருந்து வடிந்திருந்தால், துளியளவே மீனுக்கு விஷம்.

அங்கே ஸ்டாண்டை ரசமட்டம் வைத்துச் சரிபார்த்து, தெர்மாகோல் விரித்து, தொட்டி, கல், பழைய தண்ணீர், ஃபில்டர் என்ற வரிசையில் முடியுங்கள். ஃபில்டர் ஓடத் தொடங்கிய பிறகே மீன். பையை 15 நிமிடம் மிதக்கவிட்டு, பிறகு 5 நிமிடத்துக்கு ஒரு டம்ளராகத் தொட்டித் தண்ணீரைச் சேர்த்து, அரை மணி நேரத்தில் வலையால் எடுத்து விடுங்கள். பைத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றக் கூடாது. அன்று தீனி இல்லை, விளக்கும் இல்லை. ஒரு வாரம் பாதித் தீனி. தினமும் அமோனியா டெஸ்ட். கொஞ்சம் காட்டினாலும் 25 சதவீதத் தண்ணீரை மாற்றுங்கள்.

கேள்வி: வீடு மாறிய பிறகு தொட்டியின் கீழ் மூலையில் ஒழுகுகிறது. மேலே கொஞ்சம் சிலிக்கான் பூசினால் நிற்குமா?
– வாசகி, மயிலாடுதுறை

பதில்: நிற்காது. காய்ந்த சிலிக்கான்மேல் புதியது சரியாக ஒட்டாது. அந்த மூலையில் உள்பக்கப் பழைய சிலிக்கானை பிளேடால் முழுக்கச் சுரண்டி, அசிட்டோன் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காய்ந்தபின் பூசுங்கள். பூஞ்சைத் தடுப்பு மருந்து கலந்த குளியலறை சிலிக்கான் மீனுக்கு ஆகாது. 48 மணி நேரம் விட்டு, வினிகர் வாடை போனபிறகு தண்ணீர் நிரப்பி ஒரு நாள் பாருங்கள். ஒட்டு விடாமல் கண்ணாடியிலேயே விரிசல் விழுந்திருந்தால் கண்ணாடியை மாற்றத்தான் வேண்டும்.

கேள்வி: புது வாடகை வீட்டில் தொட்டி வைக்க இடமில்லை. சக்கர் மீனை ஓடம்போக்கி ஆற்றில் விட்டுவிடலாமா?
– வாசகர், திருவாரூர்

பதில்: தயவுசெய்து விடாதீர்கள். தென்னமெரிக்க மீன் அது. தமிழ்நாட்டு நீர்நிலைகளில் ஏற்கெனவே பெருகிவருகிறது. முட்டையிடக் கரையைக் குடைந்து வளை போடும், மீனவர் வலையைக் கிழிக்கும், நம் கெண்டைக்கும் கெளுத்திக்கும் உரிய இரையைத் தின்னும். வாங்கிய கடையிலேயே கேட்டுப் பாருங்கள், அல்லது பெரிய தொட்டி வைத்திருப்பவரிடம் கொடுங்கள்.