அடியைத் திருப்பிப் பாருங்கள்: பழைய பூச்சாடிகள் பற்றிய கேள்வி பதில்

கேள்வி (வெள்ளவத்தை): அண்ணா, வீட்டுச் சாமான் விற்பனை ஒன்றில் நீலமும் வெள்ளையுமான சீனப் பூச்சாடி பார்த்தேன். அடியில் ஆறு சீன எழுத்துகள். காங்ஷி காலம், முந்நூறு வருடம் பழசு என்கிறார்கள். நம்பலாமா?

பதில்: எழுத்தை மட்டும் வைத்து நம்ப வேண்டாம், தங்கச்சி. காங்ஷி பேரரசர் 1722இல் இறந்துவிட்டார். ஆனால் 19ஆம் நூற்றாண்டுக் குயவர்களும் பழைய வேலைக்கு மரியாதையாக அவர் பெயரை எழுதினார்கள், இன்றைய நகல்காரர்களும் எழுதுகிறார்கள்.

எழுத்தை விட்டுவிட்டு, சாடி மேசையில் உட்காரும் அடிவளையத்தைப் பாருங்கள். நூறு வருடம் இழுபட்ட வளையத்தில் கீறல்கள் பல திசையிலும் இருக்கும், ஆழமும் ஒன்றுபோல இராது. ஒரே திசையில் வரிவரியாக இருந்தால் அது அரத்தாளின் வேலை. வளையத்து மண்ணிறத்தை ஈரப் பஞ்சால் தேய்த்துப் பாருங்கள். பஞ்சில் நிறம் ஏறினால் தேயிலைச் சாயமோ சப்பாத்துப் பொலிஷோ பூசியிருக்கிறார்கள். அடுத்து கையை உள்ளே விடுங்கள். பழைய பெரிய சாடிகளைப் பகுதி பகுதியாகச் செய்து ஒட்டுவார்கள், அந்தப் பொருத்து விரலுக்கு மேடாகத் தட்டுப்படும். உட்சுவர் வெளி வளைவை அப்படியே பின்பற்றி மழமழவென்று போனால் பெரும்பாலும் அச்சில் வார்த்தது. கடைசியாகப் பத்து மடங்கு பூதக்கண்ணாடி. தூரிகை நீலம் ஓரிடத்தில் தேங்கிக் கறுத்து, இன்னோரிடத்தில் மெலிந்திருக்கும். சின்னச் சின்னப் புள்ளிகளாகத் தெரிந்தால் அச்சுப் படம். விலையைப் பற்றி அதற்குப் பிறகு கதைக்கலாம்.

கேள்வி (கொட்டாஞ்சேனை): ஒரு சாடியில் ‘நிப்பொன்’ என்றும், இன்னொன்றில் ‘ஜப்பான்’ என்றும் இருக்கிறது. எது பழசு?

பதில்: முத்திரை உண்மையானால் நிப்பொன்தான். 1890ஆம் ஆண்டு அமெரிக்கச் சுங்கச் சட்டம் ஒன்றின்படி, 1891 முதல் அங்கே இறக்குமதியாகும் பொருளில் நாட்டின் பெயர் ஆங்கிலத்தில் இருக்க வேண்டியதாயிற்று. ஜப்பானியர் தங்கள் மொழியில் நாட்டைச் சொல்லும் ‘நிப்பொன்’ என்ற பெயரைப் போட்டார்கள். 1921இல் அது செல்லாது, ‘ஜப்பான்’ என்றே போடவேண்டும் என்று அமெரிக்கா சொல்லிவிட்டது. ‘ஒக்குபைட் ஜப்பான்’ (அந்நியர் பிடியில் இருந்த ஜப்பான்) என்றிருந்தால் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தியது, 1952க்குள் செய்தது. இந்த முத்திரைகளுக்கும் போலி உண்டு. நாட்டுப் பெயரே இல்லாத சாடி 1891க்கு முந்தியது என்றும் முடிவுகட்டாதீர்கள். ஒட்டியிருந்த கடதாசி லேபல் கழன்று போயிருக்கலாம்.

நம்முடைய சாமானுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. அடியில் ‘ஸ்ரீ லங்கா’ என்றிருந்தால் 1972 மே மாதத்துக்கு முற்பட்டதல்ல, நாட்டின் பெயர் மாறியதே அப்போதுதான். ‘சிலோன்’ என்றிருப்பதை வைத்து மட்டும் பழசென்று சொல்ல முடியாது. தேயிலைப் பெட்டியில் இன்றும் அந்தப் பெயர்தானே!

கேள்வி (தெஹிவளை): வெடிப்பு, ஒட்டு இருக்கிறதா என்று கடையில் நின்றபடியே எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: உள்ளங்கையில் நிறுத்தி விரல் நகத்தால் விளிம்பில் தட்டுங்கள். நல்ல பீங்கான் மணிபோல ஒலிக்கும். ‘டக்’ என்று செத்த சத்தம் வந்தால் எங்கோ வெடிப்பு. மட்பாண்டத்துக்கு இந்தச் சோதனை பொருந்தாது, அதன் சத்தமே மந்தம். பிறகு டோர்ச்சை உள்ளே விட்டு இருட்டு மூலையில் பாருங்கள். மெல்லிய பீங்கானில் வெடிப்பு கோடாகவும், ஒட்டி நிரப்பிய இடம் ஒளி புகாத திட்டாகவும் தெரியும். 365 நனோமீற்றர் புறஊதா டோர்ச் கையில் இருந்தால் இன்னும் நல்லது. பசையும் புதுப் பெயின்ற்றும் சுற்றியுள்ள மெருகிலிருந்து வேறாக ஒளிரும். அடியில் வட்டத் துளை இருக்கிறதா என்றும் பாருங்கள். மேசை விளக்காக்கத் துளைத்த சாடிக்கு முழு விலை கொடுக்க வேண்டாம்.

கேள்வி (பம்பலப்பிட்டி): கண்ணாடிச் சாடிக்குள் வெள்ளைப் படலம். அரிசி போட்டுக் குலுக்கலாமா?

பதில்: வேண்டாம், மணலும் வேண்டாம். இரண்டும் கீறக்கூடும். ஒரு லீற்றர் இளஞ்சூட்டுத் தண்ணீரில் 50 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்து இரண்டு மணித்தியாலம் விடுங்கள். பொன் கோட்டில் படவிடாதீர்கள். கொதிநீர் ஊற்றினால் சாடியே பிளக்கும். படலம் சுண்ணாம்பென்றால் கரைந்துவிடும். கரையாவிட்டால் கண்ணாடியே அரிபட்டிருக்கிறது, வீட்டில் வைத்துத் திருத்த முடியாது. வாங்கும்போது உள்ளே விரலால் தடவிப் பாருங்கள். எண்ணெய்ப் பிசுக்கோ ஈரமோ இருந்தால் அரிப்பை மறைத்திருக்கலாம்.

கேள்வி (மருதானை): இங்கிலாந்து மட்பாண்டச் சாடி. மெருகில் வலைபோல நூல் வெடிப்பு, அதற்குள் பழுப்புக் கறை. குளோரினில் ஊறப்போடச் சொல்கிறார்கள்.

பதில்: தயவுசெய்து போடாதீர்கள். நூல் வெடிப்பு வழியாகக் குளோரின் மண்ணுக்குள் இறங்கும். காய்ந்ததும் உப்பு உள்ளே படிகமாகி மெருகைக் கீழிருந்து தள்ளும். சில மாதத்தில் செதில் செதிலாக உரியும்.

முதலில் பற்றரிக்கு ஊற்றும் வடித்த நீரில் ஒரு நாள் ஊறவையுங்கள். மண் நீரைக் குடித்திருந்தால்தான் கரைந்த கறை உள்ளே ஓடாது. பிறகு பார்மசியில் கிடைக்கும் ஐதரசன் பேரொட்சைட்டை 6 சதவீத வலிமையில் பஞ்சில் நனைத்துக் கறைமேல் வைத்து, பொலித்தீனால் சுற்றி விடுங்கள். கையுறை கட்டாயம். தினமும் பஞ்சை மாற்றினால் மூன்று நான்கு நாளில் வெளுக்கத் தொடங்கும். மறுபடி வடித்த நீரில் ஊறவைத்து, நிழலில் குறைந்தது இரண்டு கிழமை உலரவிடுங்கள். கொழும்புக் காற்றில் இன்னும் நாளெடுக்கும். அவசரப்பட்டு அவனில் வைக்காதீர்கள். பொன்வேலை உள்ளதிலும் ஒட்டியதிலும் இதைச் செய்யக்கூடாது. முழுக்கக் கறை போகாவிட்டாலும் பரவாயில்லை, கொஞ்சம் பழுப்பு பழசுக்கு அழகுதான்.

கேள்வி (கொள்ளுப்பிட்டி): கடலைப் பார்த்த மேல்மாடி வீடு. எங்கே வைப்பது, பூ வைக்கலாமா?

பதில்: மேற்கு யன்னல் ஓரம் நிறக் கண்ணாடிக்கு மட்டும். பின்னேர வெயிலில் ஒட்டிய சாடியின் பசை மஞ்சளிக்கும், இளகும். கடற்காற்று சாடியைச் சாய்த்துவிடும். கழுவி உலர்த்திய மணலைப் பொலித்தீன் பையில் கட்டி, மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்கு உள்ளே இறக்குங்கள். பித்தளைச் சாடியென்றால் உப்புக்காற்றில் பச்சைத்தூள் பூக்கும். புளியும் தேசிக்காயும் போட்டு மினுக்கினால் பழைய நிறம் போய்விடும், மெழுகு மெல்லிசாகப் பூசுவதே போதும்.

பூவைத் தாராளமாக வையுங்கள், தண்ணீரை மட்டும் சாடிக்குள் நேரே ஊற்றாதீர்கள். ஜாம் போத்தலோ சோதனைக் குழாயோ உள்ளே வைத்து அதில் ஊற்றலாம். தண்டு சாடியின் உயரத்தைப்போல ஒன்றரை மடங்கு நிற்கட்டும். ஒடுங்கிய கழுத்துக்கு அந்தூரியம் மூன்று தாராளம். சித்திரவேலை நிறைந்த சாடிக்கு வெறும் பச்சை இலையே போதும்.

கேள்வி (மட்டக்குளி): அம்மாவின் பழைய சாடியை ரொறன்ரோவுக்குக் கொண்டுபோக அனுமதி தேவையா?

பதில்: வயதைப் பொறுத்தது. 1940ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2க்கு முற்பட்டதைத் தொல்பொருளாகக் கொள்கிறது. அனுமதியின்றி அதை நாட்டைவிட்டுக் கொண்டுபோக முடியாது. இப்படியான பொருள்களின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தும் 1988ஆம் ஆண்டு 73ஆம் இலக்கக் கலாசார ஆதனச் சட்டமும் இருக்கிறது. சந்தேகமென்றால் படமும் அளவும் எடுத்துக்கொண்டு தொல்பொருள் திணைக்களத்தில் முதலே கேளுங்கள், விமான நிலையத்தில் நின்று வாதாட முடியாது. கட்டும்போது உள்ளே மென்துணியை இலேசாக நிரப்புங்கள், இறுக்கினால் கழுத்து பிளக்கும். பெட்டிக்குள் பெட்டியாக, இடையில் எல்லாப் பக்கமும் 5 சென்ரிமீற்றர் மெத்து இருக்கட்டும். கைபிடியில் பிடித்துத் தூக்க வேண்டாம். ஒரு கை அடியில், ஒரு கை வயிற்றில்.