காட்டுப்பாதைக்குப் பழைய டீசல் பிக்கப்: எந்த என்ஜினை நம்பலாம்?

கேள்வி: பழைய டீசல் பிக்கப் ஒன்று வாங்க இருக்கிறேன். பின்னால் ஒரு டன் அளவுக்குச் சுமை ஏறும். பாதி ஓட்டம் தார்ச்சாலையில், மீதி கல்லும் சேறும் ஓடைகளும் உள்ள மலைப்பாதையில். ஒருவர் 5.9 லிட்டர் கம்மின்ஸ் என்கிறார். ஒருவர் ஃபோர்டின் 7.3 லிட்டர் என்கிறார். சக்தி வேண்டுமென்றால் புதிய காமன் ரெயில் என்ஜின்தான் என்கிறார் இன்னொருவர். இழுவையும் வேண்டும், பல ஆண்டுகள் உழைக்கவும் வேண்டும். எதை வாங்கலாம்?

பதில்: விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1994 முதல் 1998 வரை டாட்ஜ் ராம் பிக்கப்பில் வந்த 12 வால்வு 5.9 லிட்டர் கம்மின்ஸ், மேனுவல் கியர்பாக்ஸோடு, யாரும் கைவைத்து சக்தியைக் கூட்டாத நிலையில் கிடைத்தால் அதை எடுங்கள். கிடைக்கவில்லையென்றால் 7.3. உங்கள் பாதை மிகக் குறுகலாகவும் சேறு அதிகமாகவும் இருந்தால் என் விடை மாறும். அதைப் பிறகு சொல்கிறேன்.

குதிரைத்திறனைப் பார்த்து என்ஜின் வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. இந்தக் கம்மின்ஸ் 1989இல் பிக்கப்பில் அறிமுகமானபோது அதன் திறன் வெறும் 160 குதிரைத்திறன். ஆனால் முறுக்குவிசை 540 நியூட்டன் மீட்டர். அதுவும் நிமிடத்துக்கு 1,700 சுற்றுகளுக்குள்ளேயே முழுதாகக் கிடைத்துவிடும். சுமையோடு பாறைமேல் ஏறும் வண்டிக்கு இதுதான் தேவை. உயர்ந்த சுற்றில் மட்டும் சக்தி காட்டும் என்ஜினை வைத்துக்கொண்டு அதே பாறையில் ஏறினால், கிளட்சைப் பாதி மிதித்தபடி முறுக்கிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். முதலில் கிளட்ச் போகும், பிறகு பொறுமை போகும். நான்கு சக்கர இயக்கத்தின் தாழ் கியரில், ஆக்சிலரேட்டரைத் தொடாமலேயே ஊர்ந்து ஏறும் என்ஜினை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். நான் சொல்வது புரியும்.

இனி ஆயுள். பல ஆண்டுகளாக டீசல் என்ஜின்களைப் பிரித்துப் பார்த்ததில், தேய்ந்து தேய்ந்து இயல்பாக முடிந்துபோன என்ஜின்களை நான் அதிகம் கண்டதில்லை. பெரும்பாலானவை எரிபொருள் அமைப்பினாலோ வெப்பத்தினாலோ, தண்ணீராலோ தூசியாலோ செத்தவை. ஆகவே ஒரு என்ஜின் இந்த நான்கையும் எப்படித் தாங்கும் என்றுதான் நான் கேட்பேன்.

எரிபொருள் பம்ப்பில்தான் 1994–98 கம்மின்ஸ் மற்றவற்றிலிருந்து பிரிந்து நிற்கிறது. அதிலுள்ள போஷ் பி7100 பம்ப்பில் சிலிண்டருக்கு ஒன்றாக, டீசலைத் தள்ளும் ஆறு பிளஞ்சர்கள் வரிசையாக நிற்கும். அதன் கேம்ஷாஃப்டுக்கு என்ஜின் ஆயிலே உயவு. 1998 நடுவில் வந்த 24 வால்வு என்ஜினுக்கு விபி44 என்ற மின்னணு பம்ப் வந்தது. அதற்கு டீசல்தான் உயவு. டேங்கிலிருந்து டீசலைத் தள்ளும் சிறிய லிஃப்ட் பம்ப் பலவீனமடைந்தால் பெரிய பம்ப் உள்ளுக்குள் வறண்டு தேய்ந்துபோகும். ஓட்டுபவருக்கு எந்த எச்சரிக்கையும் வராது. அந்த வகை வண்டிதான் கிடைக்கிறது என்றால், லிஃப்ட் பம்ப்பின் அழுத்தத்தைக் காட்டும் மீட்டர் இல்லாமல் அதை ஓட்டாதீர்கள்.

பி7100 வண்டியில் இன்னொரு நன்மை. ஓடத் தொடங்கிவிட்டால் அதற்குக் கம்ப்யூட்டர் வேண்டாம், சென்சார் வேண்டாம். மின்சாரத்தை நம்பியிருக்கும் ஒரே பகுதி எரிபொருளை நிறுத்தும் சோலினாய்டு என்ற மின்காந்தச் சுவிட்ச். அது கெட்டுப்போனால் பம்ப்பின் பக்கத்திலுள்ள நெம்புகோலை மேலே தூக்கிக் கம்பியால் கட்டிவிட்டு வீடு வந்து சேரலாம். கைபேசிச் சிக்னல் இல்லாத பள்ளத்தாக்கில், மழையில், டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு நான் அப்படிக் கட்டியிருக்கிறேன்.

குறைகள் இல்லாமல் இல்லை. என்ஜின் மட்டுமே ஏறக்குறைய அரை டன் எடை. முன் அச்சு எப்போதும் பாரம் சுமக்கும், சேற்றில் மூக்கு முதலில் இறங்கும். அக்காலத்துத் தானியங்கி கியர்பாக்ஸ் இந்த முறுக்குவிசைக்கு ஈடுகொடுக்கத் திணறியது. மேனுவல் கேட்கச் சொன்னது அதனால்தான். முன்பக்க கியர் கவருக்குப் பின்னால் ஒரு சிறிய எஃகு டோவல் பின் உண்டு. நாள்பட்ட அதிர்வில் அது மெல்ல நழுவி வெளியே வந்து டைமிங் கியர்களுக்கு நடுவே விழக்கூடும். விழுந்தால் கியர் உறையே உடையும். அதைத் தடுக்க ஒரு சிறு தகட்டைப் போல்ட்டின் அடியில் வைத்து முடுக்கினால் போதும். வாங்கும் வண்டியில் இந்த வேலை நடந்திருக்கிறதா என்று கேளுங்கள். 24 வால்வு வண்டி என்றால், என்ஜின் பிளாக்கின் பக்கவாட்டில் வார்ப்பிலேயே 53 என்ற எண் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த வார்ப்பில் தண்ணீர் ஓடும் சுவர் மெல்லியது, வெடிப்பு விட்டது. இருந்தால் விட்டுவிடுங்கள்.

அடுத்தது ஃபோர்டின் 7.3 லிட்டர் வி8. 1994 முதல் 2003 வரை வந்தது. உறுதியில் எந்தக் குறையும் சொல்ல மாட்டேன். ஆனால் டீசலைச் சிலிண்டருக்குள் பீச்சும் இதன் இன்ஜெக்டர்களை இயக்குவது உயர் அழுத்தத்துக்கு ஏற்றப்பட்ட என்ஜின் ஆயில். ஏறத்தாழ 14 லிட்டர் ஆயில் கொள்ளும் இந்த என்ஜினில் ஆயிலைத் தள்ளிப்போட்டவர்கள் இன்ஜெக்டரில் விலை கொடுத்தார்கள். கேம்ஷாஃப்டின் நிலையைக் காட்டும் சென்சார் எதிர்பாராத நேரத்தில் செத்து, ஓடும் வண்டியை அப்படியே நிறுத்திவிடும். ஒரே போல்ட்டில் நிற்கும் சின்னப் பொருள். ஒரு மாற்று சென்சாரையும் ஸ்பேனரையும் டேஷ்போர்டு பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். இதற்குப் பின் 2003இல் வந்த 6.0 லிட்டரை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அதில் ஆயில் கூலர் அடைத்துக்கொள்ளும்; அதனால் கூலண்ட் கிடைக்காமல் புகை மறுசுழற்சி கூலர் வெடிக்கும்; கடைசியில் சிலிண்டர்களை மூடும் ஹெட்டின் போல்ட்கள் நீண்டு, அதன் அடியிலுள்ள காஸ்கெட் என்ற அடைப்புத் தகடு போகும். சரிசெய்த நல்ல வண்டிகள் உண்டு. ஆனால் முதல் டீசல் பிக்கப் வாங்குகிறவருக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எல்லா இன்ஜெக்டர்களுக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் தரும் புதிய காமன் ரெயில் என்ஜின்கள் சக்தியில் இவற்றை எங்கோ விட்டுவிடுகின்றன; மறுக்கவில்லை. ஆனால் அவற்றில் 1,600 பாருக்கும் மேலான அழுத்தத்தில் டீசல் செல்கிறது. ஒரு துளித் தண்ணீரும் கண்ணுக்குத் தெரியாத மணலும் இன்ஜெக்டரை அரித்துவிடும். குறிப்பாக சிபி4 பம்ப் உள்ள வண்டிகளில் எச்சரிக்கையாக இருங்கள். பம்ப்பின் உள்ளே உருளை திரும்பிக்கொண்டு கேமைச் சுரண்டினால், இரும்புத் தூள் குழாய், ரெயில், இன்ஜெக்டர் என்று எல்லா இடத்துக்கும் போய்ச் சேரும். முழு எரிபொருள் அமைப்பையும் மாற்ற வேண்டிவரும். ராம் பிக்கப்பின் 6.7 லிட்டர் கம்மின்ஸில் 2019இல் இந்தப் பம்ப்பைப் பொருத்தி, 2021இல் பழைய சிபி3க்கே திரும்பிவிட்டார்கள். காமன் ரெயில்தான் வேண்டுமென்றால் சிபி3 பம்ப் உள்ள 2003–2007 கம்மின்ஸ் 5.9 நல்ல நடுவழி. புகை வடிகட்டி உள்ள வண்டிகளில் இன்னொரு சங்கடம்: மலைப்பாதையில் மெதுவாக ஊர்ந்துகொண்டே இருந்தால் வடிகட்டிக்குள் படிந்த கரியை எரிக்கத் தேவையான வெப்பம் கிடைக்காமல் அடைத்துக்கொள்ளும்.

குறுகிய பாதை, ஆழமான சேறு என்றால் டொயோட்டா லேண்ட் க்ரூசரில் வந்த 1ஹெச்இசட் என்ஜினைப் பற்றி யோசியுங்கள். 4.2 லிட்டர், ஆறு சிலிண்டர், டர்போ இல்லை. ஏற்றத்தில் வேகம் எதிர்பார்க்காதீர்கள், உயரம் கூடக் கூட மூச்சு வாங்கும். ஆனால் மோசமான டீசலைக் குடித்துக்கொண்டே ஓடும். அதற்கு வெளியிலிருந்து டர்போ பொருத்திய வண்டியை மட்டும் வாங்காதீர்கள். அதன் எரிப்பு, ஹெட்டிலுள்ள சிறு முன்னறைகளில் தொடங்குகிறது; கூடுதல் வெப்பத்தில் அந்த அறைகளைச் சுற்றி ஹெட் வெடிக்கும்.

வெப்பம் என்றதும் எல்லோரும் ரேடியேட்டரைப் பார்க்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது வெளியேறும் புகையின் வெப்பநிலையை. சுமையோடு நீண்ட ஏற்றத்தில் அது 700 டிகிரி செல்சியஸைத் தொட்டு அங்கேயே நின்றால் அலுமினியப் பிஸ்டனுக்கு ஆபத்து. கூலண்ட் முள் அப்போதும் நடுவிலேயே அமைதியாக நிற்கும். எரிபொருளைக் கூட்டி சக்தியேற்றிய பழைய என்ஜின்கள் பெரும்பாலும் இப்படித்தான் உருகின. பி7100 பம்ப்பின் மேல்மூடி முத்திரை உடைந்திருந்தால், டீசல் அளவுக்கு எல்லை வகுக்கும் உள்ளிருக்கும் எரிபொருள் தகட்டை யாரோ அரத்தால் தேய்த்திருக்கலாம், கேள்வி கேளுங்கள்.

ஓடை கடப்பவர் என்பதால் இதையும் சொல்ல வேண்டும். தண்ணீருக்குள் இறங்கி நின்றுபோன ஒரு பிக்கப்பைக் கட்டி இழுத்து வந்தார்கள். உரிமையாளர் அதைக் காயவைத்து ஸ்டார்ட் செய்து, ஒரு மாதம் ஓட்டியும் இருந்தார். லேசான அதிர்வு மட்டும் இருந்தது என்றார். ஹெட்டைக் கழற்றியபோது மூன்றாவது பிஸ்டன் மேலே வந்து நிற்கும் இடம் மற்றவற்றைவிட இரண்டு மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தது. சிலிண்டர் சுவரில் கரி வளையமும் அதே அளவு இறங்கியிருந்தது. காற்று வழியாக உள்ளே போன தண்ணீர் அமுங்காது. கனெக்டிங் ராடுதான் வளையும். காற்றை உயரத்திலிருந்து இழுக்கும் குழாயை முறையாகப் பொருத்துங்கள், இணைப்புகளில் காற்று கசியக் கூடாது. என்ஜின் தண்ணீரில் நின்றுவிட்டால் சாவியைத் தொடாதீர்கள்.

வண்டியைப் பார்க்கப் போகும்போது என்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் பானட்டைத் தொட்டுப் பாருங்கள்; சூடாக இருந்தால் காத்திருங்கள். ஸ்டார்ட் செய்த ஒரு நிமிடத்துக்குள் மேல் ரேடியேட்டர் குழாய் கல்லாக இறுகினால் ஹெட் காஸ்கெட் வழியாக வாயு நுழைகிறது. ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, தலைகீழாகத் துவாரத்தின்மேல் வையுங்கள். லேசாக நடுங்கலாம், தூக்கி எறியப்பட்டால் ரிங்குகள் தேய்ந்துவிட்டன. பிறகு ஏர் ஃபில்டருக்கும் டர்போவுக்கும் இடையிலுள்ள குழாயைக் கழற்றி உட்சுவரில் விரலை ஓட்டுங்கள். விரலில் மாவுபோலத் தூசி ஒட்டினால், மீட்டரில் எத்தனை குறைந்த கிலோமீட்டர் காட்டினாலும் திரும்பி வந்துவிடுங்கள். தூசி தின்ற என்ஜினை என்னாலும் காப்பாற்ற முடிந்ததில்லை.

வாங்கியதும், முதல் சுமையை ஏற்றுவதற்கு முன்பே, எல்லா ஃபில்டர்களையும் மாற்றி, புகை வெப்பநிலை மீட்டரைப் பொருத்திவிடுங்கள். கம்மின்ஸ் என்றால் அந்த டோவல் பின் தகட்டையும் அன்றே போட்டுவிடுங்கள். முன் கவரைக் கழற்ற ஒரு நாள் பிடிக்கும்.